போகும் வழியும் திரும்பும் வழியும்: இணையத்தில் நன்கொடை கொடுக்க எது தேவலை?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வராத வீட்டுக்காரன் செய்யக்கூடியது என்ன? நிவாரணப் பொருள் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய் 2,500 ரூபாய் போட்டேன். செல்போன் டவர் ஒரு கோடு, அரைக் கோடு என்று ஊசலாடிய நாள். ஓடிபி அடித்ததும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் போய் மறுபடி கட்டினேன். கால் மணி நேரம் கழித்து டவர் வந்தபோது இரண்டு எஸ்எம்எஸ் சேர்ந்தாற்போல் விழுந்தன. மொத்தம் 5,000 போயிருந்தது.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் அத்தையிடம் போனில் புலம்பினேன். “அதனால என்னப்பா, ரெண்டு தபா போனா புண்ணியமும் ரெண்டு பங்குதானே?” என்றார். மாதக் கடைசியில் 2,500 ரூபாய் எனக்குப் புண்ணியமாகத் தெரியவில்லை.

வங்கியில் கேட்டால், “ரெண்டுமே சக்சஸ் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரி. முதுநகர்ப் பக்கம் ஒரு சிறு அறக்கட்டளைக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பணம் கொடுப்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் நின்று பார்த்ததில் ஒன்று புரிந்தது: எந்த வழியில் பணம் சுலபமாகப் போகிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம், தப்பிப் போனால் எந்த வழியில் திரும்பும் என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த அலசல் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

முதலில் ஒரு வித்தியாசம். பணம் நம் கணக்கில் கழிந்து, அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்றால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே காலக்கெடு வைத்துவிட்டது. யுபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், கடைக்கோ நிறுவனத்துக்கோ யுபிஐயில் அல்லது இணையத்தில் கார்டில் கட்டியது என்றால் ஐந்து நாளுக்குள், தானாகத் திரும்பிவிட வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வங்கி தர வேண்டும், நாம் கேட்காமலேயே. ஆனால் இரண்டு முறையும் போய்ச் சேர்ந்துவிட்டால்? அங்கே தோல்வி என்று எதுவும் இல்லை. இரண்டு தனித்தனி வெற்றி. வங்கியின் கண்ணில் நான் இரண்டு நன்கொடை கொடுத்த தாராளப் பிரபு. பணத்தைத் திருப்ப வேண்டியது வாங்கியவர் மட்டுமே. அதனால் ‘வாங்கியவரால் எவ்வளவு சுலபமாகத் திருப்ப முடியும்’ என்பதுதான் ஒவ்வொரு வழிக்கும் உரைகல்.

யுபிஐ: ஒரே கியூஆர், இரண்டு ஜாதி

ஜிபே, போன்பே எதில் அனுப்பினாலும் அடியில் ஓடுவது யுபிஐதான். கட்டணம் கிடையாது, 100 ரூபாய் அனுப்பினால் 100 ரூபாயும் போய்ச் சேரும். சின்னத் தொகைக்கு இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் தொண்டு நிறுவனங்கள் மாட்டி வைத்திருக்கும் கியூஆரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிறுவனத்தின் பெயரில் வணிகக் கணக்காகப் பதிந்தது. மற்றொன்று, செயலாளரின் சொந்த நம்பர். வாட்ஸ்அப்பில் புயல் நேரத்தில் சுற்றுவது பெரும்பாலும் இரண்டாவது வகை.

சொந்த நம்பருக்கு இருமுறை போனால் அவர் நல்ல மனிதராக இருந்தால் அடுத்த நிமிடமே திருப்பி அனுப்பிவிடுவார். கெட்டவராக இருந்தால் போனது போனதுதான். நல்லவராக இருந்தாலும் சிக்கல் இருக்கிறது. அவருடைய மளிகைப் பணம், மகனின் ஃபீஸ், மக்கள் கொடுத்த நன்கொடை எல்லாம் ஒரே பானையில் கிடக்கும். நான்கு மாதம் கழித்துக் கணக்கு எழுத உட்காருபவனுக்கு, அதாவது எனக்கு, எது வந்தது எது திரும்பியது என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். நிறுவனக் கணக்கில் வந்திருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் மீதே ரீஃபண்ட் கொடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும், பணம் வந்த கணக்குக்கே போகும்.

அப்புறம் இந்த ‘பென்டிங்’. யுபிஐயில் இருமுறை போவதற்கு முக்கியக் காரணமே இதுதான். நம் வங்கி கழித்துவிட்டது, அந்த வங்கியிடமிருந்து பதில் வரவில்லை, நடுவில் தொங்குகிறது. இது தோற்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். அந்த இடைவெளியில் மறுபடி அனுப்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மஞ்சள் நிறத்தில் கடிகாரம் தெரிந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது உத்தமம். நன்கொடை ஒரு மணி நேரம் தாமதமானால் உலகம் முழுகிவிடாது.

கார்டு, இணையதளம்: காசோலை கற்றுக்கொடுப்பது

என் பணம் இருமுறை போன வழி இது. இருந்தும் ஐயாயிரத்துக்கு மேல் கொடுப்பதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் சொல்கிறேன்.

பழைய காசோலையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண் அச்சாகியிருக்கிறது. அந்த எண்ணை வங்கி ஒரு முறைதான் பணமாக்கும், இரண்டாம் முறை வந்தால் திருப்பிவிடும். ஒழுங்காகச் செய்த இணையதளமும் அதே வேலையைத்தான் செய்கிறது. நன்கொடைப் பக்கத்தைத் திறந்ததுமே ஒரு ஆர்டர் எண்ணை உருவாக்கி, அந்த எண்ணுக்கு ஒரே ஒரு வெற்றிதான் என்று பூட்டிவிடும். எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றுதான். அரைகுறையாகச் செய்த தளம், ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் போடும். நான் பின்னால் போய் மறுபடி கட்டியபோது நடந்தது அதுதான். கட்டும் முன்பு இதைக் கண்டுபிடிக்க வெளியாளுக்கு வழியில்லை. அந்தத் தளத்துக்காரர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனாலும் கார்டில் ஆதாரம் அழுத்தமாக இருக்கும். இரண்டு ஆர்டர் எண், ஒரே மின்னஞ்சல், ஒரே தொகை, சில நிமிட இடைவெளி. நிறுவனம் தனக்குப் பணம் வாங்கித் தரும் கேட்வே சேவையில் ஒன்றை ரீஃபண்ட் செய்தால் அதே கார்டுக்குப் போகும், ஒரு வாரம் பத்து நாளில் வரும். நிறுவனம் வாய் திறக்கவில்லை என்றால், கார்டு தந்த வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது வாங்கியவரிடமிருந்து பணத்தை மீட்டுத் தரும்படி, கேட்கலாம். ஒரே கட்டணம் இருமுறை பதிவானது என்பதற்கு அங்கே தனி வகையே உண்டு. யுபிஐயிலும் புகார் எழுப்பலாம்தான், ஆனால் கார்டின் அளவுக்கு அதில் பிடி கிடையாது. கிரெடிட் கார்டில் குறை, நிறுவனத்துக்குச் சுமார் 2 சதவீதம் கழிந்து போகிறது. நன்கொடையில் அது வலிக்கத்தான் செய்யும்.

இங்கே வாங்குபவர் பக்கக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரீஃபண்ட் கேட்டால் தொண்டு நிறுவனங்கள் ஏன் இழுத்தடிக்கின்றன? சோம்பல் ஒரு காரணம், சரி. இன்னொன்று பயம். திருட்டுக் கார்டில் பெரிய தொகையை நன்கொடையாகப் போட்டுவிட்டு, “தவறுதலாக ஒரு சைபர் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தை இந்த நம்பருக்கு ஜிபே செய்யுங்கள்” என்று உருகி எழுதுவார்கள். இரக்கப்பட்டு அனுப்பினால், சில வாரத்தில் கார்டின் உண்மையான சொந்தக்காரர் சார்ஜ்பேக் போடுவார், முழுத் தொகையும் போகும். அறக்கட்டளைக்கு இரண்டு பக்கமும் அடி. அதனால் எங்கள் கணக்கில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: வந்த வழியில்தான் திருப்புவோம், வேறு நம்பருக்குக் கிடையாது. ரீஃபண்ட் கேட்கும்போது நீங்களே “அதே கார்டுக்குத் திருப்புங்கள்” என்று எழுதினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். கூடவே இரண்டு ஆர்டர் எண்ணையும் எழுதுங்கள். பணம் கழிந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பி “பாருங்க சார்” என்றால் நாங்கள் எதைப் பார்ப்பது?

நெஃப்ட்

வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராக அனுப்பும் நெஃப்டில் இருமுறை போவது குறைவு, ஏனென்றால் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் சேர்த்து முடிப்பதற்குள் நிதானம் தானாக வந்துவிடும். 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் எந்நேரமும் அரைமணிக்கொரு தொகுப்பாகப் போகிறது. போய்விட்டால் வாங்கியவரின் சம்மதம் இல்லாமல் வங்கி எடுத்துத் தராது. பெயர் தெரியாமல் தப்புக் கணக்குக்கு அனுப்பும் பழைய ஆபத்து, 2025 ஏப்ரல் முதல் அனுப்பும் முன்பே பெயரைக் காட்டும் வசதி வந்ததால் குறைந்திருக்கிறது. எனக்கு இதில் இருக்கும் குறை வேறு. எங்கள் பாஸ்புக்கில் அரைப் பெயரும் யூடிஆர் என்ற பரிவர்த்தனை நம்பரும்தான் வருகிறது. யார், எதற்கு, ரசீது யாருக்கு? கொடுத்தவர் சொன்னால்தான் உண்டு. வரிச் சலுகைக்கு நன்கொடையாளரின் பான் எண்ணோடு நிறுவனம் வரித்துறையிடம் அறிக்கை தாக்கல் செய்து, நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். 2021-22 நிதியாண்டிலிருந்து அந்தச் சான்றிதழ்தான் முக்கியம், வெறும் ரசீது போதாது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை, புதிய முறையில் நன்கொடைக்கான இந்தக் கழிவே இல்லை.

காசோலையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். தாமதம்தான் அதன் பலமாக இருந்தது, மனம் மாறினால் ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுக்க நேரம் கிடைக்கும். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் அன்றன்றே தீர்வாகத் தொடங்கிவிட்டதால் அந்த அவகாசமும் சுருங்கிவிட்டது. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் வரிக்கழிவு கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. வடலூர் தருமசாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்குகிறவர்கள் இதையெல்லாம் கணக்குப் பார்த்ததும் இல்லை.

திரட்டும் தளங்களும் மாதாந்திரமும்

ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை, லட்சக்கணக்கில் செலவு என்று படத்தோடு வரும் வேண்டுகோள்கள் பெரும்பாலும் பலரிடம் நிதி திரட்டும் இணையதளங்கள் வழியாக வருபவை. இங்கே எனக்கு மனக்குறை உண்டு. தொகை போட்டதும், தளத்துக்கு ‘டிப்’ என்று ஒரு சதவீதம் தானாகச் சேர்ந்திருக்கும். நாம்தான் தேடிப் பூஜ்யமாக்க வேண்டும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், வாங்குபவர் சம்மதமில்லாமல் பில்லில் நன்கொடையைச் சேர்ப்பதும் ஏமாற்று வடிவமைப்பு என்று பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். இருமுறை போனால், பணத்தை நோயாளியின் குடும்பம் எடுப்பதற்குள் எழுதிவிட வேண்டும். எடுத்து ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பிறகு, யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பீர்கள்? கேட்க வாய் வருமா?

மாதாமாதம் தானாகப் போவதற்கு யுபிஐ ஆட்டோபே, கார்டு, வங்கியின் நாச் என்று மூன்று உண்டு. ஆட்டோபேயை என் போனிலேயே நிறுத்தலாம் என்பதால் அதற்கே என் ஓட்டு. பணம் கழியும் முன் 24 மணி நேர முன்னறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. ‘ஒரு முறை’ என்று நினைத்துக்கொண்டு ‘மாதந்தோறும்’ பெட்டியில் டிக் வைத்தவர்கள், இரண்டாம் மாதம் “டபுளாப் போச்சு” என்று எங்களிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

பாரீஸிலிருந்து வரும் பணம்

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். அத்தையின் மூத்த மகனிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட், இளையவனிடம் இந்திய பாஸ்போர்ட், இருவரும் இருப்பது பாரீஸில். இளையவன் அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடை. மூத்தவன் அதே தொகையை அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதி உள்ள அமைப்பு மட்டும், அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வாங்கலாம். பணம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதல்ல, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கணக்கு. ஓசிஐ அட்டை இருந்தாலும் வெளிநாட்டவர்தான். எங்களைப் போன்ற அனுமதியில்லாத சிறு அறக்கட்டளைக்கு மூத்தவர் ஒரு முறை அனுப்பினாலே தலைவலி, இரண்டு முறை போனால் கேட்கவே வேண்டாம்.

என் 2,500 பதினேழாம் நாள் திரும்பியது. நான்கு மின்னஞ்சல், இரண்டு போன், இரண்டு ஆர்டர் எண். வங்கியின் மேல் தப்பிருந்தால் முப்பது நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கலாம், ஆனால் இதில் வங்கியின் தப்பு ஒன்றுமில்லை. அறக்கட்டளையில் செயலாளர் நம்பர் போட்டிருந்த கியூஆரைக் கிழித்துவிட்டு நிறுவனக் கணக்கின் கியூஆரை ஒட்டியிருக்கிறோம், கீழே ‘பென்டிங் என்றால் மறுபடி அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள்’ என்று கொட்டை எழுத்தில்.

அத்தைக்கு அந்த வரி தேவையே இல்லை. மாதம் 500 ரூபாய் ஜிபே செய்வார். செய்த கையோடு என்னைக் கூப்பிட்டு, “வந்துச்சாப்பா?” என்பார். நான் பார்த்து “வந்துடுச்சு அத்தை” என்று சொல்லும்வரை போனை வைப்பதில்லை.