கூடலூரா, கோத்தகிரியா: கரண்ட் கம்பி இல்லாத வீட்டுக்கு எது தோது?

சோலாரையும் ஊற்றுத் தண்ணீரையும் நம்பிக் குடும்பத்தோடு நீலகிரியில் குடியேற நினைப்பவர்கள் முதலில் பேனல் விலையை விசாரிக்கிறார்கள். நான் மழையை விசாரிக்கச் சொல்வேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் கூடலூருக்கு ஒரு மழை, கோத்தகிரிக்கு வேறு மழை.

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும். ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை லேசில் விடாது. தமிழ்நாட்டில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான தேவாலா அங்கேதான் இருக்கிறது. நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும்; மூட்டம் போட்டுவிட்டால் 1 யூனிட் வருவதே பெரிது. பேட்டரி ஓரிரு நாள் தாங்கும், அப்புறம் மிக்ஸி ஓடாது. பிள்ளைகளின் யூனிஃபார்மை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்க வேண்டும்.

ஆனால் அந்த மழையே அங்கே கரண்டும் தரும். 10 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர் குழாயில் இறங்கினால், சின்ன டர்பைனில் விரயம் போகச் சுமார் 250 வாட் கிடைக்கும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ராத்திரி பகல் ஓடுவதால் நாளுக்கு 6 யூனிட்! சோலார் படுத்துவிடும் மாதங்களில்தான் ஓடை நிறைந்து ஓடும். குழாய் வாயில் சருகு அடைத்தால் மட்டும், கொட்டும் மழையில், அட்டைக்கடியோடு ஒருவர் போய் வலையைத் துடைத்தாக வேண்டும். யானை நடமாடும் ஊர், இருட்டிய பிறகு போகவே கூடாது. ஓடை வனத்துறை எல்லைக்குள் இருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

கோத்தகிரி தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்கு மழையின் பெரும்பகுதி அங்கே எட்டாது. அதன் பெருமழை அக்டோபர், நவம்பரில். சோலாருக்கு அதுதான் நல்ல இடம். குறை, தண்ணீர். மார்ச், ஏப்ரலில் ஊற்று மெலிந்துவிடும். நான்கு பேருக்கு நாளுக்கு 400 லிட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 24,000 லிட்டர் தொட்டி வேண்டும். 50 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 500 லிட்டர், அக்டோபர், நவம்பர் மழையில் தொட்டியின் பெரும்பகுதியை நிரப்பிக்கொள்ளலாம். குளிர் அதிகம், வெந்நீருக்கு விறகும் கூடுதலாகச் செலவாகும். எண்ணெய் வாசனைக்குக் கரடி சமையலறைக் கதவையே உடைக்கும், கதவு கெட்டியாக இருக்கட்டும்.

நிலம் வாங்குவதில் கூடலூர் சிக்கலான இடம். பழைய ஜமீன் போன்ற ஜென்ம நிலங்களை ஒழித்த 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வந்து, உரிமை தீராமல் கிடந்த நிலங்களில், மின் இணைப்பு கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்கில் இருட்டில் இருந்திருக்கின்றன. நாம் விரும்பித் தேடிப் போகிற வாழ்க்கை அவர்கள் மேல் சுமத்தப்பட்டது. அதை மறக்காமல் பத்திரத்தைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் கோத்தகிரிதான் என் தேர்வு. தொட்டியைக் காசு போட்டுக் கட்டிவிடலாம், ஜூலை வெயிலை எங்கே வாங்குவது? பிள்ளைகள் வளர்ந்து, பட்டா நிலத்திலேயே வற்றாத ஓடையும் இருந்தால் கூடலூருக்குத் தயங்காமல் போகலாம். எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கூடலூரில் ஒரு ஜூலை வாரமும், கோத்தகிரியில் ஒரு ஏப்ரல் வாரமும் பிள்ளைகளோடு தங்கிப் பாருங்கள்.