எப்சம் சால்ட் என்ற பெயரில் கலர் கல்லுப்பு: வடசென்னையில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வண்ணாரப்பேட்டையில் பார்லர் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் ‘ஸ்பா எப்சம் சால்ட், லாவெண்டர்’ என்று ஒரு பாக்கெட் கிடைக்கிறது. 500 கிராம், 349 ரூபாய். வாங்கிச் சோதித்துப் பார்த்ததில் உள்ளே இருந்தது பெரும்பாலும் சமையலுக்குப் போடும் கல்லுப்பு. அதன்மேல் ஊதா சாயமும் சென்ட்டும். எடையும் மோசடி: கவரோடு சேர்த்து நிறுத்தாலே 455 கிராம்தான் வந்தது. அதைக் கரைத்த தண்ணீரில் கால் வைத்தால் குதிகால் வெடிப்புக்குள் ஊதாக் கறை ஏறுகிறது, விரல் இடுக்கில் அரிக்கிறது. கடையில் கேட்டதற்கு, “ஸ்பா கிரேடுன்னா இப்படித்தான் இருக்கும்” என்று பதில். அப்படி ஒரு கிரேடே கிடையாது. இதே சரக்கு வேறு பெயரில், வேறு கலரில் யார் தலையிலும் கட்டப்படலாம் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

எப்சம் சால்ட் என்பது மெக்னீசியம் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். சாப்பாட்டு உப்போ சோடியம் குளோரைடு. இந்துப்பும் அதே சோடியம் குளோரைடுதான். எப்சம் சால்ட்டுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கண்ணாடிச் சில்லு போல, கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். கல்லுப்பு பெரும்பாலும் சதுரக் கட்டியாக இருக்கும். ஆனால் உடைத்துப் பொடியாக்கி, சாயம் ஏற்றிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சாயத்தின் வேலையே அதுதான். வெள்ளையாக இல்லாத எதையும் எப்சம் சால்ட் என்று வாங்காதீர்கள்.

நாக்கில் வைத்துப் பார், கசந்தால் எப்சம் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். உரத்துக்கு விற்கும் துத்தநாக சல்பேட்டும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், அது வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்க வைக்கும். வீட்டிலேயே செய்ய வேறு இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது சூடு. எப்சம் சால்ட்டின் எடையில் பாதி, படிகத்துக்குள் பூட்டிக்கிடக்கும் தண்ணீர். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய இரும்புக் கரண்டியில் 10 கிராம் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சிறு தீயில் காட்டுங்கள். நல்ல சரக்கு முதலில் நனைந்தது போல் ஆகும், பிறகு தன் தண்ணீரிலேயே கொதித்துக் குமிழி விட்டுப் பொங்கும், கடைசியில் தொட்டால் உதிரும் வெள்ளைப் பொருக்காக நிற்கும். ஆறிய பின் நிறுத்தால் ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். கல்லுப்பு உருகாது. படபடவென்று வெடித்துத் துள்ளும், எடை அப்படியே இருக்கும். துள்ளும் என்பதால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மேலே ஒரு சல்லடையைப் பிடியுங்கள். துள்ளி வெளியே விழுந்தால் எடைக் கணக்கும் தப்பாகிவிடும். மேலே சொன்ன பாக்கெட்டில் எடுத்த 10 கிராம், சூடாக்கிய பிறகும் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. போனது ஒரு கிராமுக்கும் குறைவு. அப்படியானால் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் எப்சம் இருக்க வழியே இல்லை.

இரண்டாவது வாஷிங் சோடா. துணி துவைக்கப் போடுவதுதான், ஆப்ப சோடா அல்ல. ஆப்ப சோடா பச்சைத் தண்ணீரில் எதையும் காட்டாது, அதை வைத்துச் செய்து பார்த்துவிட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் 100 மில்லி கேன் தண்ணீர் ஊற்றி ஒரு டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். இன்னொன்றில் அதே அளவு தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் வாஷிங் சோடா. இரண்டையும் சேர்த்தால், எப்சம் இருந்தால் உடனே பால் திரிந்தது போல வெள்ளையாகக் கலங்கி, மெதுவாக அடியில் படியும். சாப்பாட்டு உப்பில் அப்படி நடக்காது. கல்லுப்பில் இயற்கையாகவே கொஞ்சம் மெக்னீசியம், கால்சியம் ஒட்டியிருக்கும் என்பதால் லேசான மங்கல் வரலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மெடிக்கலில் வாங்கிய நல்ல சரக்கை வேறு ஒரு டம்ளரில் இதேபோல் செய்து பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து இரண்டிலும் படிவு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். போர் தண்ணீரில் இந்தச் சோதனை வேண்டாம். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே கடினநீர், வெறும் தண்ணீரே சோடா பட்டால் கலங்கிவிடும்.

ஒரு குறிப்பும் உதவும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீர் விட ஆரம்பிக்கும். காசிமேடு, ராயபுரம் கடற்காற்றுக்கு இது சர்வ சாதாரணம். எப்சம் அவ்வளவு சீக்கிரம் கசியாது. திறந்து வைத்த ‘எப்சம்’ இரண்டு நாளில் சொதசொதவென்று ஆனால் சந்தேகப்படுங்கள்.

எங்கே வாங்குவது? மெடிக்கலில் கேட்டு, மெக்னீசியம் சல்பேட் ஐ.பி. என்று அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தர நூல் சொல்லும் தூய்மை. பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன, அங்கும் தொழிற்சாலை உபயோகத்துக்கான டெக்னிக்கல் கிரேடா ஐ.பி.யா என்று கேட்டே வாங்க வேண்டும். நர்சரியில் செடிக்கு விற்கும் மெக்னீசியம் சல்பேட் பெயரளவில் அதே பொருள்தான், ஆனால் தோலில் படுவதற்காகச் சோதித்தது இல்லை. மண்ணும் கரையாத கசடும் அடியில் தங்கும்.

பாக்கெட்டில் பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்தவர் அல்லது பாக் செய்தவரின் முழு முகவரி, தயாரித்த மாதம் வருடம், எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருள் விதி. அழகுப் பொருளாக விற்றால் பேட்ச் எண்ணும் தயாரிப்பு உரிம எண்ணும் வேண்டும். நாம் சொல்லும் பாக்கெட்டில் முகவரி என்ற இடத்தில் ‘சென்னை’ என்று மட்டும் இருந்தது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் எப்சம், பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘மினரல் சால்ட், கலர், பர்ஃப்யூம்’.

நல்ல சரக்கு கிடைத்த பிறகும் அளவு முக்கியம். கால் ஊறவைக்க 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம், அதாவது அரை டம்ளர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது. 15 நிமிஷம் போதும். அதற்கு மேல் ஊறினால் தோல் வெளுத்துச் சுருங்கி, வெடிப்பு இன்னும் ஆழமாகும். அந்தத் தண்ணீரில் கட்டி சோப்பு போடாதீர்கள், மெக்னீசியத்தோடு சேர்ந்து திரிந்து பிசுக்காகக் காலில் ஒட்டும். எடுத்த பின் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, வாஸ்லின் அல்லது 10 சதவீத யூரியா க்ரீம் தடவுங்கள். குதிகால் மிருதுவாவதில் பாதி வேலை இந்தக் க்ரீமுடையது. ஸ்க்ரப்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் உப்பில் ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய், முழங்கை, முட்டி, குதிகாலுக்கு மட்டும், ஒரு நிமிஷம், வாரம் ஒரு தடவை. முகத்துக்குக் கூடாது, படிகத்தின் முனை கீறிவிடும். ஷேவ் செய்த, வேக்ஸ் போட்ட அன்றும் கூடாது. தலைமுடிக்குப் போட்டால் வறட்சிதான் மிச்சம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் காலை ஊறவைக்கவே வேண்டாம். உணர்வு மரத்த காலுக்குச் சூடு தெரியாது, ஊறிய தோலில் புண் வந்தால் ஆறுவது பெரும்பாடு. திறந்த புண், சேற்றுப்புண் இருந்தாலும் தவிருங்கள். பேதி உப்பு என்ற பெயரை நம்பி யாரும் குடிக்கவும் கூடாது. கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஏமாற்று: ‘எப்சம் டீடாக்ஸ்’ மெஷின். காலைத் தண்ணீரில் வைக்கச் சொல்லி, உப்புப் போட்டு, கரண்ட் விடுவார்கள். அரை மணியில் தண்ணீர் பழுப்பாகும், உங்கள் உடம்பின் கழிவு என்பார்கள். அது மின்முனையில் உள்ள இரும்பு அரித்து வரும் துரு. காலே வைக்காமல் ஓட்டச் சொல்லுங்கள், அப்போதும் தண்ணீர் அதே பழுப்புக்கு வரும். உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் கிட்னியும்தான். கால் ஊறவைத்தால் இதமாக இருக்கும், தோல் மிருதுவாகும். மெக்னீசியம் தோல் வழியே ரத்தத்தில் நிறைய ஏறும் என்பதற்குக்கூட உறுதியான ஆதாரம் இல்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு பாக்கெட் வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில், முன்பின் இரண்டு பக்கமும் தெரியும் போட்டோ, மிச்சமிருக்கும் உப்பு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பாக்கெட் பிரிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, எடைக் குறைவுக்கு அதுவே சாட்சி. எடை, லேபிள் புகார் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் போகும். பணம் திரும்ப வர முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில் தராமல் “ஜிபே பண்ணிடுங்க” என்று சொல்லியிருந்தால் அந்தப் பணம் போன ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து வையுங்கள்.