தொலைதூரச் சுரங்கத்துக்கு மின்சாரம்: வெறும் சோலார் போதுமா, பேட்டரியும் வேண்டுமா?

மின்கம்பி எட்டாத சுரங்கத்தில் டீசல் செலவையும் புகையையும் குறைக்க வேண்டும் என்றால் பேச்சு மூன்று திட்டங்களில்தான் வந்து நிற்கும். டீசலோடு சோலார் மட்டும்; டீசல், சோலார், பேட்டரி மூன்றும்; இவற்றோடு காற்றாலையும். நாங்கள் எடுத்தது இரண்டாவது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தெரிந்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கால் லிட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். லாரியில் கொண்டுவரும் செலவு தனி. சோலார் போட்டால் இது குறையும், பேட்டரி இல்லாவிட்டால் முதலீடும் குறையும். சரி, அப்புறம் பேட்டரி எதற்கு?

ஜெனரேட்டர் ஓடும் மணிநேரத்தைக் குறைக்க. 10 மெகாவாட் இழுக்கும் ஒரு சுரங்கத்தில் தலா 2 மெகாவாட் ஜெனரேட்டர் ஐந்து ஓடுவதாக வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் சோலார் 6 மெகாவாட் தருகிறது. மீதி 4 மெகாவாட்டுக்கு இரண்டு போதும், மூன்றை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்த முடியாது. பெரிய மேகம் ஒன்று கடந்தால் ஒரு நிமிடத்துக்குள் சோலாரில் பெரும்பகுதி விழுந்துவிடும். நின்ற ஜெனரேட்டர் கிளம்பி லோடு எடுப்பதற்குள் மின்சாரத்தின் அதிர்வெண் சரிந்து, தாதுவை அரைக்கும் அரவை ஆலை டிரிப் ஆகி நின்றுவிடும். உள்ளே கிடக்கும் தாதுக் குழம்பு அடியில் படிந்து இறுகினால் திரும்ப ஓட்டுவது பெரும்பாடு. அதனால் ஐந்தும் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் வெறும் 40 சதவீத லோடில்.

டீசல் இன்ஜினுக்கு இது ஆகாது. லோடு இன்னும் இறங்கி 30 சதவீதத்துக்குக் கீழே போய் நெடுநேரம் நின்றால் சிலிண்டரில் போதிய சூடு இருக்காது. எரியாத டீசலும் கரியும் கலந்து புகைக்குழாய் இணைப்புகளில் கறுப்பு எண்ணெயாகக் கசியும், இன்ஜெக்டரில் கரி பிடிக்கும். அதைத் தவிர்க்க, வெயில் இருந்தும் சோலார் உற்பத்தியைக் குறைத்துவைக்க வேண்டிவரும். அதைவிட முக்கியம், இன்ஜினைப் பிரித்துச் செய்யும் ஓவர்ஹால் பெரும்பாலும் ஓடிய மணிநேரக் கணக்கில்தான் வரும். பாதி லோடில் ஓடினாலும் மணிநேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். டீசல் பில் குறைந்தும் பராமரிப்புச் செலவு அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பேட்டரி இருந்தால் அதே மதியத்தில் மூன்று ஜெனரேட்டர் போதும், மூன்றில் இரண்டு பங்கு லோடில் நிம்மதியாக ஓடும். இதற்கு ராத்திரி முழுக்கத் தாங்கும் பேட்டரி தேவையில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் அக்னியூ தங்கச் சுரங்கத்தில் இருப்பது 13 மெகாவாட் (ஒரே நேரத்தில் தரக்கூடிய திறன்), 4 மெகாவாட்-மணி (மொத்தச் சேமிப்பு) பேட்டரி. முழு வேகத்தில் இழுத்தால் 20 நிமிடம்கூட வராது. அதே மாநிலத்தில் டிகுரூசா செப்புச் சுரங்கத்தில் 2016-ல் 10.6 மெகாவாட் சோலாரோடு வைத்த 6 மெகாவாட் பேட்டரியும் அதே ரகம்தான். நின்ற ஜெனரேட்டர் கிளம்பும்வரை ஓரிரு நிமிடம் தாங்கினால் போதும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போது மெகாவாட்-மணியைவிட மெகாவாட்டைக் கவனியுங்கள். திடீரென்று விழக்கூடிய சோலார் அளவுக்கு அது ஈடுகொடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் எல்லா இன்ஜினையும் நிறுத்தும் எண்ணம் இருந்தால், மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தானே நிறுவும் இன்வெர்ட்டராக (பேட்டரி மின்சாரத்தை ஏசி மின்சாரமாக மாற்றும் கருவி) கேட்டு வாங்குங்கள். பின்னால் மாற்றுவது சிரமம்.

புகைக் குறைப்பு மட்டுமே கணக்கு என்றால் காற்றாலை சேர்ந்த திட்டம்தான் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை. சோலார் ஆண்டு முழுவதும் சராசரியாகத் தருவது பெரும்பாலும் அதன் திறனில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. அக்னியூவில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று திட்டமிட முடிந்ததற்கு 18 மெகாவாட் காற்றாலைதான் காரணம்; சோலார் அங்கே 4 மெகாவாட்தான். கனடாவின் டயாவிக் வைரச் சுரங்கத்தில், அந்தக் கடுங்குளிரிலும், 2012-லேயே காற்றாலை நிறுவினார்கள். ஆனால் குறைந்தது ஓராண்டு காற்றை அளக்க வேண்டும், பெரிய கிரேன் வேண்டும், போட்ட அஸ்திவாரத்தைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. எங்கள் சுரங்கத்தில் மிச்சமிருந்த ஆயுளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. நீண்ட ஆயுளும் நல்ல காற்றும் உள்ள இடத்தில் என் முடிவு வேறாக இருந்திருக்கும். காற்றாலையை நானே பராமரித்ததில்லை என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பேட்டரியின் முதுமையைப் பற்றியும் அப்படித்தான். கன்டெய்னருக்குள் குளிரூட்டி ஓயாமல் ஓடுகிறது, அதுவும் மின்சாரம் தின்கிறது. கடும் வெப்பத்தில் பத்து ஆண்டு கடந்த பேட்டரியை நான் இயக்கியதில்லை. அதனால் திறன் தேய்வுக்கான உத்தரவாதத்தை, நம் இடத்து வெப்பநிலையைக் குறிப்பிட்டே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம்.