படுக்க வைத்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும்

மச்சான் போன வாரம் போன் செய்தான். "மாமா, உங்க பழைய சிஸ்டத்துக்கு மதர்போர்டு மாத்தினீங்களே, இப்ப எப்படி ஓடுது? என்னுதும் திடீர் திடீர்னு அணையுது, மாத்திடவா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நன்றாக ஓடுகிறது என்பது உண்மை. மாற்று என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

2015-ல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. கோர் ஐ5 4460 பிராசஸர், எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இருந்த அதே சிஸ்டம்தான். ஏழு வருடம் ஒரு குறை சொல்ல முடியாது. 2022 தொடக்கத்தில் ஆரம்பித்தது தொல்லை.

விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை வந்திருந்தால்கூட ஏதாவது ஒரு எண்ணை வைத்துத் தேடியிருக்கலாம். அதுவும் வராது. திரை கறுக்கும், ஃபேன் ஒரு நொடி நிற்கும், தானே மறுபடி கிளம்பும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர், எண் 41 என்று ஒரு வரி. பக்செக் கோட் என்ற இடத்தில் பூஜ்யம். அதாவது, என்ன நடந்தது என்று குறித்துவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. கரண்ட் போனது போல அணைந்திருக்கிறது. சில நாள் மூன்று தடவை, சில நாள் ஒன்றுமே இல்லை. நான் நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுக்கிறவன். மாதம் 20-ஆம் தேதி 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்று சாயங்காலம் மட்டும் அது தவறாமல் அணையும் என்று என் மனைவி சொல்வாள். கணக்கு எடுத்துப் பார்த்ததில்லை, ஆனால் நானும் நம்பினேன்.

பிறகு நான் செய்ததெல்லாம் எல்லோரும் செய்வதுதான். ரேமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்தேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை. பிராசஸர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். யுபிஎஸ் பேட்டரி மாற்றினேன். அப்புறம் ஒன்று படித்தேன்: இந்த நான்காம் தலைமுறை பிராசஸர்கள் வேலையில்லாதபோது சி6, சி7 என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும், அப்போது 12 வோல்ட் லைனில் இழுப்பது 0.05 ஆம்பியர் அளவுக்குக் குறையலாம். அவ்வளவு குறைந்த சுமையைப் பழைய எஸ்எம்பிஎஸ்கள் (கேபினட்டுக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டிகள்) சில தாங்காமல் அணைந்துவிடும். என்னுடையது சும்மா இருக்கும்போதும் அணைகிறதே! ஆள் அகப்பட்டான் என்று 2023-ல் 2,400 ரூபாய்க்குப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். இரண்டு வாரம் அமைதி. மூன்றாம் வாரம், 20-ஆம் தேதி.

இதற்கு நடுவில் கடைக்கு மட்டும் நான்கு முறை. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் 'சிபியு'வை நிறுத்தி (உள்ளே இருக்கும் சில்லுதான் சிபியு என்று தெரியும், ஆனாலும் வீட்டில் அந்தப் பெட்டிக்கு அதுதான் பெயர்), முழங்காலால் அணைத்துப் பிடித்து, வேளச்சேரியின் பள்ளங்களையெல்லாம் எண்ணிக்கொண்டே போவேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார். "சார், நல்லாத்தானே ஓடுது? ரெண்டு நாளா ஆஃப் பண்ணவே இல்ல." சோதனைக் கூலி 300 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினால் மறுநாளே அணையும். பல்வலி டாக்டர் வாசலில் நின்றுவிடுமே, அந்த மாதிரி. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கும் அவர் மேல் கோபம், உண்மையில் ஓட்டிப் பார்க்கிறாரா இல்லையா என்று. இப்போது நினைத்தால், அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் உண்மை.

விஷயம் பிடிபட்டது தற்செயலாக. 2024 கோடையில் தூசி தட்டுவதற்காகக் கேபினட்டைத் தரையில் படுக்க வைத்துக் கதவைக் கழற்றியவன், வேலை வந்துவிட்டதால் அப்படியே வயர்களைச் செருகி ஓட்டினேன். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். ஒருமுறைகூட அணையவில்லை. பெருக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று வீட்டில் நிமிர்த்தி வைத்தார்கள். அன்று மாலையே அணைந்தது. எனக்கு அப்போதுதான் கடை மேசை நினைவுக்கு வந்தது. அவர்கள் எந்தப் பெட்டியையும் படுக்க வைத்துத்தானே சோதிப்பார்கள்!

மறுபடி படுக்க வைத்து, ஓடும்போதே ஒவ்வொரு வயரையும் மெல்ல அசைத்துப் பார்த்தேன். செய்யக் கூடாத வேலை. பிராசஸருக்குக் கரண்ட் தரும் அந்த நான்கு ஊசிச் செருகியைத் தொட்டதும் பட்டென்று போனது. போர்டைக் கழற்றித் திருப்பினால், அந்தச் செருகியின் கால்களைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. ஒரு காலின் ஈயத்தில் மோதிரம் போல மெல்லிய விரிசல். இந்த பிராசஸரின் மின் அளவு 84 வாட். 12-ஆல் வகுத்தால் 7 ஆம்பியர். இரண்டு மஞ்சள் வயர்கள் பங்கு போட்டுச் சுமக்க வேண்டியது. ஒரு கால் விட்டால் மொத்தமும் மற்றொன்றின் தலையில். சூடேறும், விரியும், ஆறும், சுருங்கும், விரிசல் இன்னும் வளரும்.

விரிசல் ஏன் வந்தது என்று யோசித்தபோதுதான் கொஞ்சம் கூசியது. 2021-ல் மகளின் ஆசைக்காகக் கண்ணாடிக் கதவு வைத்த புதுக் கேபினட் வாங்கினேன். ஆசை அவளுக்கு மட்டும்தானா என்று கேட்காதீர்கள். பழையதில் எஸ்எம்பிஎஸ் மேலே, செருகிக்குப் பக்கத்தில் இருந்தது. புதியதில் அடியில். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் குட்டை வயர் போர்டைக் குறுக்கே கடந்து மேல் மூலைக்கு வர வேண்டும். வந்தது, வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக. எட்டிவிட்டதே என்று சந்தோஷப்பட்டவன் நான்தான். ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டிருந்தால் முடிந்த கதை. ஆக, இரண்டு வருடத்துக்கு மேல் நான் திட்டிய போர்டு மேல் தப்பில்லை. பாதித் தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு செருகியை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பிடிக்கும்படி செய்திருக்கலாம்.

சால்டரிங் செய்பவரிடம் கொடுத்தேன். 350 ரூபாய், மூன்று வாரம் தாங்கியது. செம்புத் தடமே தூக்கிக்கொண்டிருக்கிறது, இனி நிற்காது என்றார். 2024 ஆகஸ்டில் வேறு வழியில்லாமல் புது போர்டு.

மச்சான் கேட்டது இதைப் பற்றித்தான், கடைசியில் வந்துவிட்டேன். பெரிய கம்பெனிகள் இந்த பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குப் போர்டு செய்வதை நிறுத்தி நாளாகிவிட்டது. கிடைத்தது பெயர் தெரியாத பச்சை நிறப் பெட்டியில் வந்த எச்81 போர்டு. 3,200 ரூபாய். இந்த வகைப் போர்டுகளில் பலவற்றில் போர்டு புதிது, அதிலுள்ள எச்81 சிப் பழைய போர்டிலிருந்து எடுத்தது. பிராசஸரை மாற்றும்போது மட்டும் கை நடுங்கியது; இந்த சாக்கெட்டில் ஊசிகள் இருப்பது போர்டில், ஒன்று வளைந்தால் 3,200-ம் போச்சு. மற்றபடி ஒரு மணி நேர வேலை. விண்டோஸ் தனியாகக் காசு கொடுத்து வாங்கியது என்பதால் புது போர்டிலும் ஆக்டிவேட் ஆனது. சிஸ்டத்தோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் என்றால் போர்டோடு போய்விடும்.

14 மாதமாக ஒருமுறைகூட அணையவில்லை. ஒன்றுகூட இல்லை. நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன். இன்னொரு ஆச்சரியம்: என் பழைய போர்டில் இல்லாத எம்.2 இடம் (சின்ன எஸ்எஸ்டி செருகும் இடம்) இதில் இருக்கிறது. ஒரு என்விஎம்இ, அதாவது வேகமான வகை எஸ்எஸ்டி, வாங்கிச் செருகினேன். எச்81 தருவது பிசிஐஇ 2.0 என்ற பழைய பாதை என்பதால் அதன் முழு வேகம் வராது, ஆனாலும் பழைய சாட்டா எஸ்எஸ்டியை விடச் சுறுசுறுப்பு தெரிகிறது. பத்து வருடக் கிழவன் இப்படி எழுந்து உட்காருவான் என்று நினைக்கவில்லை.

குறை என்றால் அந்த ஃபேன்தான். பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்கில், ஃபேன் வேகத்தைக் குறைக்க வழியே இல்லை. பட்டனை அழுத்திய நொடியிலிருந்து அணைக்கும்வரை முழு வேகம். சும்மா ஒரு பக்கத்தைப் படித்தாலும் மிக்ஸி பக்கத்து வீட்டில் ஓடுவது போல ஒரு சத்தம். போர்டோடு வந்த பட்டன் பேட்டரி இரண்டே மாதத்தில் போய், கடிகாரம் ஏதோ பழைய தேதிக்குப் போய், ஜிஎஸ்டி தளமே திறக்காமல் ஒரு காலை முழுக்க வீணானது, அதைக்கூட மன்னித்தேன். இந்த இரைச்சலை முடியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் கணக்கு பார்த்தால் உள்ளறையிலிருந்து "இன்னுமா அது கத்துது?" என்று குரல் வரும். முன்பு அமைதியாக இருந்து திடீரென்று செத்தது. இப்போது சாகாமல் கத்துகிறது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவும் முடிந்தது. 11-க்குப் போக இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். போர்டு, என்விஎம்இ, எஸ்எம்பிஎஸ், கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றே வந்திருக்கும், சத்தமில்லாமல். அதனால் மச்சானிடம் சொன்னேன்: போர்டு வாங்காதே. நல்ல போர்டுதான், வாங்காதே.

"அப்ப உங்களுத வித்துடுவீங்களா மாமா?"

"நான் எதுக்கு விக்கணும்? 14 மாசமா ஒரு தடவை அணையல. நீ முதல்ல உன் பெட்டியை மூணு நாள் தரையில படுக்கப் போடு."