கீரியைக் காட்டுகிறேன் என்று சொல்லி எனக்குத் தாயத்து விற்ற கதை

பழைய டிராக் ரேஸ் கார் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல்) வாங்கலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். ‘சீல் பிரிக்காத எழுபதுகளின் கிட், ஒரே ஒரு பீஸ்தான்’ என்று சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கும் ஒருவரிடம் 9,200 ரூபாயை விட்டுவிட்டு எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயன் இல்லை. என்னிடம் ஒரு பெயர் சொன்னார், அம்பத்தூரில் இருக்கும் என் நண்பரிடம் வேறொரு பெயர் சொல்லியிருக்கிறார்.

ஐம்பது வயதில் ஒரு ஆள் பொம்மைக் காருக்கு இவ்வளவு பணம் கொடுப்பானா என்று கேட்பீர்கள். வீட்டிலும் கேட்டார்கள்.

டிராக் ரேஸ் என்றால் இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நின்று, வளைவே இல்லாத கால் மைலை, அதாவது 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்ப்பது. (நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் பெரிய வண்டிகளுக்கு மட்டும், 2008-இல் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு, தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள்.) அதில் எனக்குப் பைத்தியம் ஃபன்னி கார் மேல்தான். வெளியே பார்த்தால் தெருவில் ஓடும் கார் மாதிரி இருக்கும். ஆனால் எழுபதுகளின் வண்டிகளில் அந்த உடம்பு மொத்தமும் ஃபைபர் கிளாஸில் செய்த ஒரே மூடி. முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் பின்னால் இருக்கும் கீலில் அப்படியே மேலே எழும்பும். உள்ளே குழாய்ச் சட்டம், டிரைவருக்கு ஒரு கூண்டு, அவருக்கு முன்னால், காற்றை அழுத்தி ஊதும் சூப்பர்சார்ஜர் மேலே உட்கார்ந்த ஹெமி இன்ஜின் (எரி அறை அரைக்கோள வடிவில் இருப்பதால் அந்தப் பெயர்). மூடி வைத்தால் ஒரு கார், திறந்து வைத்தால் இன்னொரு கார். மாடல் கட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த சூப்பர்சார்ஜரை 6-71 என்பார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த டீசல் இன்ஜினில் காற்று ஊத இருந்த சாமான் அது. ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம், அதனால் அந்தப் பெயர். லாரிச் சாமானைக் கழற்றிப் பந்தயக் காரில் வைத்தவர்களை நினைத்தால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் நம்ம புதுப்பேட்டை ஆட்கள் ஞாபகம் வரும்.

இனி கீரி விஷயம். அப்பா என்னைச் சிறு வயதில் சோழவரத்தில் ரேஸ் பார்க்கக் கூட்டிப்போவார். அதே அப்பாதான் மூர் மார்க்கெட்டுக்கும் கூட்டிப்போவார். 1985-இல் அது எரிவதற்கு முன்னால் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே ஒருவர் முளை அடித்துக் கீரியைக் கட்டியிருப்பார், பக்கத்தில் மூடிய கூடை. “இப்ப சண்டை, அஞ்சே நிமிஷத்துல சண்டை” என்று ஒரு மணி நேரம் பேசுவார். நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவார். கடைசியில் தாயத்து விற்பார். சண்டையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, அமெரிக்க டிராக் ரேஸ் டிரைவர்களில் டாம் மெக்ஈவனுக்கு ‘மங்கூஸ்’ (கீரி), டான் புருதோமுக்கு ‘ஸ்நேக்’ (பாம்பு) என்று பட்டப்பெயர் என்று படித்தபோது, உடனே ஒட்டிக்கொண்டது. 1970-இல் ஹாட் வீல்ஸ் விற்கும் மேட்டல் கம்பெனி இருவருக்கும் ஸ்பான்சர் செய்தது. பாம்புக்கு மஞ்சள் நிற பிளைமவுத் பாராகுடா, கீரிக்குச் சிவப்பு டஸ்டர். இங்கே சண்டை நிஜமாகவே நடந்தது. 1978-இல், மகன் ரத்தப் புற்றுநோயில் இறந்த சில நாட்களில், இண்டியானாபொலிஸ் இறுதிப் போட்டியில் மெக்ஈவன் புருதோமை ஜெயித்தார். அந்தச் சிவப்பு டஸ்டரை 1/24 அளவில் கட்டி அலமாரியில் வைக்க வேண்டும் என்பது என் பத்து வருஷ ஆசை.

அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம்தான். இந்த கிட்டெல்லாம் பொம்மை இனத்தில் சேரும். பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த சுங்கவரி 2020-இல் 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. அதற்கு மேல் பார்சல் செலவு வேறு. ஆகவே உள்ளூரில் ஒன்று கிடைக்கிறது என்றால் என்னைப் போன்றவர்களுக்குக் கை நிற்காது. விற்கிறவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

படம் வந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கியை விரித்து அதன் மேல் டஸ்டர் கிட் பெட்டி. மினுமினு என்று ஷ்ரிங்க் கவர். மாமா ஹார்பரில் வேலை பார்த்தாராம், கப்பலில் வந்த ஒருவர் அவருக்குக் கொடுத்ததாம், நாற்பது வருஷமாகப் பரண் மேலேயே இருந்ததாம். கேட்கவே இனித்தது.

“உள்ள இருக்கறத ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா தம்பி?”

“அண்ணா, சீல் பிரிச்சா வேல்யூ போயிடும்ணா. உங்களுக்குத் தெரியாததா?”

இந்த ‘உங்களுக்குத் தெரியாததா’வில்தான் விழுந்தேன். தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விடாமல் தடுத்தது அந்தக் கவர். அதையே நான் நம்பிக்கைச் சான்றாக எடுத்துக்கொண்டேன். பாரிமுனையில் ஷ்ரிங்க் ஷீட் ரோல் ரோலாகக் கிடைக்கும், ஒரு ஹீட் கன் இருந்தால் பத்து நிமிஷத்தில் எந்தப் பெட்டியையும் யாரும் சீல் பண்ணலாம். டூல் ரூமில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். எனக்கு இது அப்போது தோன்றவில்லை.

யூபிஐயில் முழுப் பணத்தையும் அனுப்பினேன். நாலாம் நாள் பார்சல் வந்தது. வீடியோ எடுக்காமல் பிரித்தேன், அது இரண்டாவது தப்பு.

பெட்டி அசல்தான். அட்டை பழுத்து, ஓவியம் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்ததும் வந்த வாடைதான் முதலில் உறுத்தியது. பழைய பிளாஸ்டிக் வாடை இல்லை, ரெசின் வாடை. உடம்பைக் கையில் எடுத்தேன். வீல் வளைவின் விளிம்பில் ஊசி குத்தினது போலப் பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழி. அசல் கிட்டில் பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்துவார்கள், குமிழி வராது. உட்புறம் திருப்பினால் அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் பின்னின் வட்டத் தடங்கள் தெரியவேண்டும். ஒன்றுகூட இல்லை, வழவழ என்று மெழுகு மாதிரி. சந்தேகத்துக்கு, மாடல் ஒட்டும் திரவப் பசையில் ஒரு சொட்டை அடியில் வைத்தேன். அசல் கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரீனாக இருந்தால் இளகிப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். இது வாழையிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி நின்று, அப்படியே காய்ந்து போனது.

யாரோ ஒரு அசல் உடம்பை வைத்து ரப்பர் அச்சு எடுத்து ரெசினில் வார்த்திருக்கிறார்கள். வார்ப்பு இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். சட்டத்தின் மேல் உடம்பை வைத்துப் பார்த்தேன், முன் சக்கரம் சரியாக இருந்தால் பின் சக்கரம் வளைவுக்குள் உட்காரவில்லை. வெர்னியரில் இரண்டரை மில்லிமீட்டர் இடித்தது. அப்புறம்தான் கவனித்தேன், அந்தச் சட்டமே வேறு ஏதோ சாதாரண தெருக் காரின் சட்டம். கூண்டும் இல்லை, வண்டியை நிறுத்தும் பாராசூட்டும் இல்லை. டயர் மட்டும் நிஜமாகவே பழசு. வினைல் டயரில் இருக்கும் எண்ணெய்ச் சத்து வருஷக் கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். சக்கரத்தோடு உருகி ஒட்டிப்போய் இருந்தது. அதில் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அசல் கிட்டிலும் நடக்கும்.

இன்ஜினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹெமியின் அழகே வால்வ் கவரின் நடுவில் வரிசையாக இருக்கும் பிளக் குழிகள். ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு. 8 மி.மீ. தடிமன் பிளக் வயர் 1/24 அளவில் 0.33 மி.மீ. ஆகிவிடும். அதற்காகவே ரிச்சி தெருவில் பழைய இயர்போன் வயர் வாங்கி, உள்ளே இருக்கும் பூச்சுப் போட்ட இழைகளைப் பிரித்து, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கு எட்டு வயர் என்று அளந்து நறுக்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். வந்த இன்ஜினில் குழிகள் ரெசினில் அடைந்து, இரண்டு கவரும் மொழுக்கென்று இருந்தன. குரோம் பாகங்களுக்கு ஸ்ப்ரே சில்வர் அடித்திருந்தார்கள். கட்டை விரலால் தேய்த்தேன், விரல் வெள்ளியானது.

டெகால்தான் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படம்) உச்சம். கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த நகல். சாதாரண இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. வெள்ளைத் தாளில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். தண்ணீரில் ஊறவைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரத் துண்டில் சோதனைக்கு நகர்த்திப் போட்டேன். வெள்ளை எழுத்துகள் காணாமல் போயின. மஞ்சள் ஆரஞ்சாகிப் போனது. கீரி பொம்மையின் உடம்பு மறைந்து இரண்டு கண்ணும் மூக்கும் மட்டும் சிவப்புக்குள்ளிருந்து என்னைப் பார்த்தன.

ஆளுக்கு மெசேஜ் போட்டேன். “கம்பெனி சீல்ணா, உள்ள இருக்கறதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?” என்றார். நான் கத்தவும், “சரிண்ணா, இன்னொரு பீஸ் இருக்கு, மாத்தித் தரேன், கூரியருக்கு மட்டும் 600 போடுங்க” என்றார். போட்டேன். ஆமாம், போட்டேன். மேலே சொன்ன 9,200 அதையும் சேர்த்துத்தான். அடுத்த நாள் அவர் படம், ஸ்டேட்டஸ் எதுவும் தெரியவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டார்.

பார்சல் மேல் பல்லாவரம் விலாசம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் பிடித்துப் போனேன். ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், “கார் பொம்மையா சார்?” என்றார். எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து போயிருக்கிறார்களாம். அவர் பாவம், இரண்டு தடவை பிரிண்ட் எடுக்க வந்தவர் எப்படி விலாசத்தை எடுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. என்ன பிரிண்ட் எடுத்தார் என்று கேட்டேன். “ஏதோ கலர் ஸ்டிக்கர் மாதிரி சார்” என்றார்.

19 நாள் கழித்துத்தான் 1930-க்குக் கூப்பிட்டேன். அது பண மோசடிக்கான சைபர் உதவி எண். பணம் போன கையோடு கூப்பிட்டால் அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க வழி உண்டு. நாள் ஆக ஆகப் பணம் கணக்கு மாறிப் போய்விடும். “பொருள் வந்ததா சார்?” என்று கேட்டார்கள். வந்தது என்றேன். அங்கேயே என் புகாருக்குப் பாதி உயிர் போய்விட்டது. பொருளே அனுப்பாதவனைவிட எதையாவது அனுப்புகிறவன் கெட்டிக்காரன் என்பது அப்போதுதான் உறைத்தது. கூரியர் ரசீது அவர் கையில் இருக்கிறது. நேரில் எழுதிக் கொடுக்கப் போன இடத்தில் காவலர் ஒருவர் ரெசின் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா சார் ஒன்பதாயிரம்?” என்றார், நிஜமான வருத்தத்தோடு. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே ஆன்லைனில் மனு போடலாம். ஆனால் எதிராளிக்குப் பெயரும் விலாசமும் வேண்டுமே. ஜெராக்ஸ் கடை மேலா வழக்குப் போடுவது?

இப்போது நான் வாங்கும் விதம் மாறிவிட்டது. சீல் பிரிக்காதது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். திறந்த பெட்டியைக் கேட்கிறேன், பாகங்கள் ஸ்ப்ரூவோடு (வார்க்கும்போது பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டகம்) ஒட்டியிருக்கும் படம், பக்கத்தில் அன்றைய பேப்பர். சட்டத்தின் அடியில் பதித்திருக்கும் கம்பெனி எழுத்து கூர்மையாகத் தெரிகிறதா என்று பெரிதுபடுத்திப் பார்க்கிறேன், வார்ப்பு நகலில் அது மழுங்கிப் போயிருக்கும். டெகாலைக் கறுப்புத் துணி மேல் வைத்துப் படம் எடுக்கச் சொல்கிறேன். முடிந்தால் நேரில் போய்ப் பார்த்து அங்கேயே பணம். இதற்குக் கோபப்படுகிற விற்பனையாளர் இருந்தால் போகட்டும். உண்மையான பொருள் வைத்திருந்த ஒரு பெரியவர் பெரம்பூரில் நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிக் காட்டினார், காணாமல் போன ஒரு கண்ணாடியைப் பற்றியும் அவரே சொன்னார்.

போன வாரம் அம்பத்தூர் நண்பர் ஒரு படம் அனுப்பி “நல்ல டீலா பாரேன்” என்றார். இந்தத் தடவை பாம்பு. மஞ்சள் பாராகுடா, சீல் பிரிக்காதது, ஒரே ஒரு பீஸ், 11,000 ரூபாய். பெயர் வேறு, நம்பர் வேறு, மாமா ஹார்பருக்குப் பதிலாக ஏர்போர்ட்டில் வேலை. பெட்டிக்குக் கீழே விரித்திருந்தது மட்டும் அதே நீலக் கட்டம் போட்ட லுங்கி, வலது ஓரத்தில் அதே பீடி ஓட்டை.