‘ஒரிஜினல்’ என்று சொல்லிக் கொடுத்த டிஎஸ்3231: ரிச்சி தெருவில் வாங்குபவர்கள் கவனிக்கவும்

பள்ளிக்கூடங்களுக்குத் தானாக அடிக்கும் மணி செய்து கொடுக்கிறேன். பாடவேளை முடிந்ததும் பெட்டி தானே மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பெட்டிக்குள் நேரத்தை வைத்திருப்பது ஆர்டிசி என்ற கடிகார சிப். கரண்ட் போனாலும் ஒரு பட்டன் செல்லில் அது ஓடிக்கொண்டே இருக்கும். அது சொல்வதுதான் பள்ளிக்கு மணி.

ஆர்டிசி சிப்களில் நான் டிஎஸ்3231 தவிர வேறு எதுவும் போடுவதில்லை. காரணம் சென்னை வெயில். பழைய டிஎஸ்1307 சிப்புக்கு வெளியே தனியாக கிரிஸ்டல் (நேரத்தை எண்ணத் துடிப்பு தரும் சிறு பாகம்) வைக்க வேண்டும். 25 டிகிரியை விட்டு மேலே போனாலும் கீழே போனாலும் அந்த கிரிஸ்டல் மெதுவாகிவிடும். மாதத்துக்கு முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் வித்தியாசம் சாதாரணம். டிஎஸ்3231-க்குள்ளேயே கிரிஸ்டலும் வெப்பம் பார்க்கும் சென்சாரும் இருக்கின்றன. 64 விநாடிக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு 2 பங்குக்கு மேல் பிசகாது. வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தகரப் பெட்டியில் கிடக்கும் கருவிக்கு இதுதான் சரி.

மே மாதம் 24 மாட்யூல் (சிப்பும் பட்டன் செல்லும் பொருத்திய சிறு போர்டு) தேவைப்பட்டது. வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லை. ரிச்சி தெருவிலேயே இன்னொரு கடையில் கேட்டேன். “ஒரிஜினல் இருக்கு சார். லோக்கல் சரக்கு நாங்க தொடறதே இல்ல” என்றார். ஒன்று 180 ரூபாய். அசல் சிப்பை முறையான விநியோகஸ்தரிடம் வாங்கினால் சிப் மட்டுமே இதைப் போல் பல மடங்கு ஆகும். அது தெரிந்தும், பள்ளி திறக்க நாள் நெருங்கிவிட்ட அவசரத்தில் 4,320 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு தலைமையாசிரியை போன் செய்தார். “தம்பி, மணி நாலு நிமிஷம் லேட்டா அடிக்குது. பசங்களை விட லேட்டா மணி வருது.” போய்ப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் சரியாக 4 நிமிடம். நாளுக்கு 4 விநாடி. கணக்குப் போட்டால் பத்து லட்சத்துக்கு 46 பங்கு. டிஎஸ்3231 என்று பெயர் போட்ட எதுவும் இப்படிப் போகக் கூடாது.

அந்தப் பெட்டியில் இருந்த மாட்யூலைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு சிப்பின் முதுகில் நாலு தேய்ப்பு தேய்த்தேன். பஞ்சு கறுப்பாகிவிட்டது. எழுத்து மங்கி, கீழே ஒரே திசையில் உரசிய மெல்லிய கோடுகள் தெரிந்தன. பழைய எழுத்தைச் சுரண்டி, மேலே கறுப்புப் பூச்சு அடித்து, புது எழுத்து போட்டிருக்கிறார்கள். அசல் சிப்பில் எழுத்து லேசரில் போட்டது. அசிட்டோனுக்கு அது அசையாது.

இதை விட மோசமானது அக்டோபர் மழையில் வந்தது. வேறொரு பள்ளியில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலை 6:15-க்கு வந்திருக்கிறது. அன்றைக்குக் காலையில் மணியே அடிக்கவில்லை. மதியம் 3:15-க்குக் காலை வழிபாட்டு மணி அடித்தது. பட்டன் செல் செத்திருந்ததால், கரண்ட் வந்த நொடியை 2000 ஜனவரி 1, நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு சிப் எண்ண ஆரம்பித்திருக்கிறது.

பெட்டியைத் திறந்தால் செல் பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இசட்எஸ்-042 என்று அச்சிட்ட அந்த நீல போர்டில் ஒரு டயோடும் 200 ஓம் மின்தடையும் சேர்ந்து செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும். ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 செல்லுக்காக வைத்தது அது. இவர்கள் போட்டுத் தந்ததோ ரீசார்ஜ் செய்யவே கூடாத சிஆர்2032. ஐந்து வோல்ட்டில் ஓடும் பெட்டியில் மாதக்கணக்கில் அதற்குள் சார்ஜ் ஏறியிருக்கிறது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் செல் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

கடைக்குப் போனேன். உரசிய சிப்பையும் உப்பிய செல்லையும் மேஜையில் வைத்தேன். “சால்டர் வெச்சாச்சு சார், இனிமே ரிட்டர்ன் எப்படி எடுக்கறது?” என்றார். பில்லை நீட்டினேன். அதில் ‘ஆர்டிசி 24’ என்று மட்டும்தான் இருந்தது. சிப் எண் இல்லை, ஒரிஜினல் என்ற சொல்லும் இல்லை. “டிஎஸ்3231-னு நான் எங்க எழுதிக் கொடுத்தேன்?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே வாங்கும்போது சிப்பின் முழு எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மொத்தமாக எடுக்கும் முன் இரண்டே இரண்டு வாங்கி, ஜிபிஎஸ் மாட்யூலின் விநாடித் துடிப்போடு மூன்று நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இணையம் வழியாகத் தரும் என்டிபி நேரமும் போதும். அசல் சிப் மூன்று நாளில் அரை விநாடிக்கு மேல் நகராது. என்னுடையது 12 விநாடி நகர்ந்தது. டிஎஸ்3231எம் என்று எம் சேர்ந்து வருவதும் அசல்தான், ஆனால் அதற்குப் பிசகு பத்து லட்சத்துக்கு 5 பங்கு வரை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒன்று. சிப்பின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் பிட் 7, கடிகார ஓட்டம் இடையில் நின்றிருந்தால் 1 ஆகிவிடும். நேரத்தைப் படிக்கும் முன் அதைப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன். இப்போது அந்த பிட் 1 என்றால் மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியும். நேரத்தைத் திரும்ப வைத்த பிறகுதான் அதை 0 ஆக்குகிறேன்.

24 பெட்டியில் 21-க்கு மாட்யூல் மாற்றிவிட்டேன், செலவு என்னுடையது. மீதி மூன்றும் இந்த வாரம். உங்களிடம் அதே நீல போர்டு சிஆர்2032 செல்லோடு 5 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தால், 201 என்று போட்ட அந்த மின்தடையை இன்றைக்கே எடுத்துவிட்டுப் புது செல் போடுங்கள்.