தையல் கடைக்கு மேல ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம்

கொழும்பு வெள்ளவத்தையில, காலி வீதியிலயிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கை. தையல் கடைக்கு மேல்மாடி. லிஃப்ட் இல்லை, ஏசி பேருக்குத்தான். அப்பிடியிருந்தும் ஏழு மாசமாத் தங்கச்சியை அங்கதான் கூட்டிக்கொண்டு போறன்.

அவளுக்கு அல்சரேற்றிவ் கொலைற்றிஸ், பெருங்குடல் அழற்சியில புண் வாற வருத்தம். போன வருஷம் அது கிளம்பி ரத்தமாப் போய்க்கொண்டிருந்த நேரம் தலையிடி தொடங்கினது. படுத்தால் கூடும், விடியச் சத்தி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சாதாரண சிடி எடுத்துப்போட்டு, ஒண்டுமில்லை, மைக்ரேன் எண்டு அனுப்பிவிட்டினம். நாலாம் நாள் வலிப்பு. வேற இடத்தில எம்ஆர் வெனோகிராம் எண்டு நாளங்களைக் காட்டுற ஸ்கான் எடுத்தாப் பிறகுதான் தெரிஞ்சுது, மூளையில இருந்து ரத்தம் வடியிற பெரிய நாளத்தில ரத்தக்கட்டி. குடல் அழற்சி கிளம்பியிருக்கேக்க ரத்தம் சுலபமா உறையுமாம். வயிற்றோட்டத்தில உடம்புத் தண்ணி வத்தினா இன்னும் மோசம். "ரத்தம் போற பிள்ளைக்கு ரத்தம் உறையாமல் ஊசியோ?" எண்டு அம்மா குழறினா. ஆனால் அதுதான் வைத்தியம்.

இப்ப ரத்தம் உறையாமல் வாபரின் குளிசை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்குது எண்டு காட்டுற ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில நிக்கவேணும், அதைப் பாக்கத்தான் இங்க வாறது.

முதல் நாளே நீல மூடிக் குழாயில கோடு வரைக்கும் ரத்தம் வரேல்லை எண்டு திரும்பக் குத்தினார் அங்க வேலை செய்யிற தம்பி. தங்கச்சிக்குக் கோவம். குழாய் நிரம்பாட்டில் ஐஎன்ஆர் பிழையாக் கூடிக் காட்டும் எண்டார். எனக்கு அந்த இடத்திலயே ஆளைப் பிடிச்சுப்போச்சு.

மாசியில அவளுக்கு மெட்ரோனிடசோல் எண்ட கிருமிக்கொல்லி மருந்து குடுத்திருந்தவை. அது வாபரின்ர வேலையைக் கூட்டி ஐஎன்ஆரைத் தூக்கிவிடும் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது? பின்னேரம் கவுண்டரில இருக்கிற பிள்ளை போன் எடுத்தா: "அக்கா, 4.8 வந்திருக்கு. இரவுக் குளிசை போட முதல் டொக்டரோட கதையுங்கோ." கதைச்சம், நிப்பாட்டச் சொன்னார். எஸ்எம்எஸ் மட்டும் வந்திருந்தால் நான் அடுத்தநாள்தான் பாத்திருப்பன்.

அதே பிள்ளைதான் ஒவ்வொரு முறையும் கீரை சாப்பாடு விசாரிக்கிறது, கீரை கூடிக்குறைஞ்சால் ஐஎன்ஆரும் மாறுமாம். வல்லாரைச் சம்பலை விடத் தேவையில்லையாம், ஒரே அளவாச் சாப்பிட்டால் சரியாம்.

குறையும் இருக்கு. நாங்கள் எடுத்தால் போன் தூக்கமாட்டினம். பற்றுச்சீட்டு எழுத்து ஒரு மனுசராலயும் வாசிக்கேலாது. பௌர்ணமிப் போயா லீவுக்குப் பூட்டு, அதுக்கு முதல்நாள் போறதெண்டால் ஏழு மணிக்கே போங்கோ, எட்டுக்குப் பிறகு படிக்கட்டு முழுக்க ஆக்கள்.